திருட்டுப்போன வத்தக்குழம்பு

சத்யநாராயணனின் வத்தக்குழம்பை எவனோ திருடிவிட்டான்.

சட்டியோடு இல்லை, இன்டர்நெட்டில்.

கீழ்க்கட்டளை அபார்ட்மென்ட்டில் அவர் பெரிய புள்ளி. ரிட்டயரானதும் 'சத்யாவின் சமையல்' என்று பிளாக் ஆரம்பித்து, வாரம் ஒரு குழம்பு, கூடவே ஒரு குடும்பக் கதை என்று போட்டுத் தாக்கிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை அசோசியேஷன் விழாவில் அதற்காகச் சால்வை போர்த்தப்போகிறார்கள். வெந்நீர் வைக்கத் தெரியாத மனுஷனுக்குச் சால்வையா என்று மனைவி காமு மட்டும் முணுமுணுத்தாள். பொறாமை என்று விட்டுவிட்டார்.

அன்று காலை செல்போனில் தன் பேரைத் தேடிப் பார்த்தால், ரெண்டாவதாக ஒரு வினோத விலாசம். திறந்தால் படம் இல்லை, அலங்காரம் இல்லை. என்னென்னவோ கிறுக்கல்களுக்கு நடுவே அவருடைய வத்தக்குழம்பு முழுசாகக் கிடந்தது.

சால்வை போர்த்துகிற நேரத்தில் எவனாவது எழுந்து, இது வேற சைட்ல வந்ததாச்சே என்று கேட்டுவைத்தால் மானம் கப்பலேறிவிடுமே.

சைபர் கிரைமுக்குப் புகார் எழுதி எடுத்துக்கொண்டு மூணாவது மாடி மாளவிகா வீட்டுக்கு ஓடினார். அவளுக்குச் சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலை. அன்று வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்தவன் உழைப்பில் பேர் வாங்குகிறவன் உருப்படவே மாட்டான் என்று மூச்சுவிடாமல் பொரிந்து தள்ளினார்.

அவள் செல்போனை வாங்கிப் பார்த்துச் சிரித்தாள்.

"அங்கிள், இது உங்க பிளாக்தான். இந்தச் சாய்வுக் கோட்டுக்கு முன்னாடி இருக்கற பேரைப் படிங்க. உங்களோடதுதானே? பின்னால 'ஃபீட்'னு ஒரு வால் ஒட்டியிருக்கு, அவ்வளவுதான்."

ஆர்.எஸ்.எஸ். ஃபீட் என்றாள். அவர் விறைப்பாக நிமிர்ந்து உட்கார, ஐயோ அது இல்லை அங்கிள் என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு சைட்டாகப் போய்ப் பார்க்கச் சோம்பல்படுகிறவர்களுக்கான வசதியாம். அந்த விலாசத்தை ஒரு ஆப்பில் போட்டுவைத்துவிட்டால், அவர் புதுசாக எழுதும்போதெல்லாம் வாசலில் பேப்பர் விழுகிற மாதிரி தானாக வந்து விழுமாம்.

சத்யநாராயணனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. புகாரைக் கிழித்துச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டார்.

"இந்த வாலைப் பிடிச்சுக்கிட்டு என்னை யாரும்மா படிக்கப்போறா?"

"நான் படிக்கறேனே."

தன் செல்போனை நீட்டினாள். அவர் இதுவரை போட்ட அத்தனை குழம்பும் அதில் வரிசையாக நின்றன. அவருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அவ்வளவு பிடிச்சிருக்கா என்று கேட்டார்.

"பிடிக்காம இருக்குமா? வத்தக்குழம்புல, 'மாமியார் அசந்த நேரம் பார்த்து வெல்லம் போட்டேன்'னு ஒரு வரி வருதே. அது என் மாமியார், அங்கிள்."

சத்யநாராயணன் செல்போனை மெதுவாக அவள் பக்கமே தள்ளினார்.

அவள் கோபப்படக்கூட இல்லை. கல்யாணமான புதுசில், பொழிச்சலூரில் இருந்தபோது புனைபெயரில் தன் பிளாக்கில் எழுதியதாம் அதெல்லாம். பிளாக் வசதி கொடுத்த கம்பெனி கடையைக் கட்டியதும் மொத்தமும் அழிந்துபோனது. வேறெங்கும் எடுத்து வைக்காத தன் முட்டாள்தனத்தை நினைத்து அழுதிருக்கிறாள்.

பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது அவருக்கு. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார்.

"அதெல்லாம் அப்புறம் அங்கிள். நீங்க அப்பவே சுட்டு வெச்சிருக்கப்போய்த்தான் எனக்கு ஒண்ணொண்ணாத் திரும்பக் கிடைக்குது. மோர்க்குழம்பு மட்டும் இன்னும் வரலை. எப்ப போடறீங்க?"