மூன்றாவது சுற்று

கேப்டனின் இரங்கல் கூட்டத்தில் முதலில் பேச வேண்டிய மகன், அதே ரவுண்டானாவை மூன்றாவது முறையாகக் காரில் சுற்றினான்.

"நாப்பது வருஷம் கப்பல் ஓட்டினவரோட புள்ள நான். ஒரு மண்டபத்தைக் கண்டுபிடிக்கத் துப்பில்ல. அப்பா பார்த்தா தலையில அடிச்சுக்குவார்."

பின்சீட்டில் அம்மா சிரித்தாள். "அவரா? தெருமுனை மருந்துக்கடைக்குப் போனாலே அவருக்குத் திரும்பி வரத் தெரியாதுடா. கடல்ல மேப் இருந்துச்சு. கரையில நான்தான்."

"ரிட்டயரானதுலேர்ந்து தினமும் உன் கையைப் பிடிச்சுக்கிட்டே வாக்கிங் போனாரே?"

"தொலைஞ்சு போயிடுவோம்னு பயம். நான் அதைக் காதல்னு நெனச்சு, பவுடர் பூசிக்கிட்டுப் போனேன்."

"இதை மேடையில சொல்லட்டுமா?"

"தாராளமா சொல்லு. அந்த மஞ்சள் கட்டடம்தான் மண்டபம். முதல் சுத்துலயே பார்த்துட்டேன்."

"அப்பவே சொல்றதுக்கென்னம்மா?"

"நீ வழி தெரியாம முழிச்சியா, அவரே கூட வர்ற மாதிரி இருந்துச்சுடா."