பின் கரியர்

நோர்வேப் பனிக்கென்றே செய்த சைக்கிள்களைக் கடையில் ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டே வந்தார் பஞ்சலிங்கம்.

"ஆணி வைச்ச டயரப்பா, சறுக்காது," என்றாள் மகள் துளசிகா.

"கரியர் இல்லையே, பிள்ளை."

"அம்மாவே இல்லை. ஆரை ஏத்தப் போறியள்?" கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கரியர் பூட்டித்தான் வாங்கினார்கள். வெளியே பனிப்பாதையில் அவர் மிதிக்கத் தொடங்கினார், வேகம் கூட்டவில்லை. ஊரில் அம்மா பின்னால் ஓடிவந்து தொற்றி ஏறும்வரை உருட்டுவாரே, அதே மெதுவில், திரும்பிப் பாராமல் போனார். துளசிகா ஓடிப்போய்த் தாவி உட்கார்ந்தாள்.

"சீலை சில்லுக்குள்ள போகாமப் பிடிச்சுக்கொள்ளும்," என்றார்.

துளசிகா தன் கோட்டின் நுனியைச் சக்கரத்தில் படாமல் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள்.