நாலாம் கூறு

எட்டு மீனை மூன்று பேருக்குப் பிரிக்கச் சொன்னால், கிறிஸ்துநாயகம் நாலு கூறு வைத்தான்.

கூறுக்கு இரண்டு மீன். ஒரு கூறை ஸ்ரீதரனிடம் கொடுத்தான். ஒன்றை வினோதனிடம். மிச்சம் இரண்டையும் தன்னுடைய வாளிக்குள் போட்டான்.

ஸ்ரீதரனுக்கு முகம் கறுத்துவிட்டது. மூன்று கிழமையாக இதே கூத்துத்தான்.

அதுவரைக்கும் அந்தச் சனிக்கிழமை கனவு மாதிரித்தான் போனது. விடியக்காலை ரொறன்ரோவுக்குப் பக்கத்துப் பிக்கரிங் குடாவில் வாடகை வள்ளத்தை எடுத்தபோது ஏரி முழுக்கப் பனிமூட்டம். தண்ணீர் எது, வானம் எது என்று தெரியவில்லை. இஞ்சினை நிற்பாட்டியதும், உலகத்தில் இந்த மூன்று பேரும்தான் மிச்சம் என்பது போல அப்படி ஒரு அமைதி.

பிளாஸ்கில் தேத்தண்ணீர் இருந்தது. மீன் பணிஸும் இருந்தது. மீன் பிடிக்கப் போகும்போது மீன் பணிஸ் கட்டிக்கொண்டு போக ரொறன்ரோத் தமிழனால் மட்டும்தான் முடியும்.

கிறிஸ்துநாயகம் கிழமையில் ஆறு நாள் டவுன்ரவுனில் கந்தோர்க் கட்டடங்களில் தரை துடைக்கிறவன். மன்னார்க் கரையில் பிறந்தவன். வள்ளத்தில் ஏறினால் வேறு ஆள். தூண்டில் நூலை விரலில் தொட்டுக்கொண்டு, கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு இருந்தான்.

"நித்திரையோடா?" என்றான் வினோதன்.

"இல்லை மச்சான். அப்பான்ரை வள்ளத்திலை நிக்கிறன்." கண்ணைத் திறக்காமலே சிரித்தான். "இந்த ஒரு நாள் இல்லாட்டி எனக்கு விசர் பிடிச்சிடும்."

பாஸ் மீன் கொத்தத் தொடங்கியது. உடம்பு நெடுகக் கோடு விழுந்த வெள்ளிப் பாஸ். பனிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக மினுங்கிக்கொண்டு மேலே வந்தது.

"குலசிங்கமும் வந்திருக்கலாம்" என்றான் வினோதன்.

"அவனுக்கு எங்கை நேரம்? மூண்டு கிழமையாய் பிறம்ரன் வெயர்ஹவுசிலை ஓவர்டைமாம். சிநேகிதம் பெரிசோ, ஓவர்டைம் பெரிசோ?" என்றான் ஸ்ரீதரன்.

கிறிஸ்துநாயகம் நூலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஸ்ரீதரன் ஒரு மீனைத் தூக்கிப் பார்த்தான். "ஆனாலும் போன கோடையிலை நான் கால் முறிஞ்சு கிடக்கேக்கை, என்ரை மனிசி மலர் மீன்கடையிலை வாங்கிச் சமைச்சுத் தந்தாளே, அந்த மீனின்ரை ருசி வராது. அந்தச் சொதிதான் என்னை எழுப்பி நடக்க வைச்சது."

"அப்பிடியோ? நல்ல கடை போலை" என்றான் கிறிஸ்துநாயகம்.

வெயில் ஏறிப் பனி கலைந்த பிறகு கரைக்கு வந்தார்கள். அங்கேதான் அந்த நாலாம் கூறு.

"உது ஆருக்கு?" ஸ்ரீதரன் கேட்டேவிட்டான்.

"வள்ளத்துப் பங்கு மச்சான். அப்பான்ரை காலத்து வழக்கம்."

"வள்ளம் வெள்ளைக்காரன்ரை. வாடகைக்கு எடுத்தது நான். அப்ப வள்ளத்துப் பங்கு எப்பிடி உன்ரை வாளிக்கை போகும்?"

கிறிஸ்துநாயகம் வாளியை மூடினான்.

குற்றமுள்ள நெஞ்சு, வாய் திறக்காது என்று ஸ்ரீதரன் நினைத்துக்கொண்டான். ஸ்காபரோ வந்து சேரும்வரை காரை விரட்டினான்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்ரீதரன் மீன் பையை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனைத் தூக்கினான்.

"ஆருக்குப்பா வந்ததும் வராததுமாய்?" ஜெயமலர் குசினிக்குள் நின்று செதிள் சுரண்டிக்கொண்டே கேட்டாள்.

"கிறிஸ்துநாயகத்துக்கு. இனி வள்ளத்துக்கு வர வேண்டாமெண்டு சொல்லப்போறன்."

"ஐயோ, பாவம். அந்த மனிசனுக்கு அந்த ஒரு நாள்தானே."

"என்ன பாவம்? சிநேகிதருக்குள்ளை ரெண்டு கூறு எடுக்கிறவனோடை என்ன சகவாசம்? கேட்டால் வள்ளத்துப் பங்காம்!" நாலு இலக்கம் அழுத்திவிட்டான்.

ஜெயமலர் கத்தியை வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, போனைப் பறித்து வைத்தாள்.

"மூண்டு கிழமையாய் உங்களோடை வராத ஆள் ஆர்?"

"குலசிங்கம். அவனுக்கு ஓவர்டைம்."

"ஓவர்டைமோ? அவருக்கு வேலை போய் மூண்டு கிழமை. வெக்கத்திலை உங்களுக்குச் சொல்லேல்லை. பெண்சாதி மங்கையற்கரசி காலமை போன் எடுத்து அழுதவ. சனிக்கிழமையிலை ஆரோ கதவுப்பிடியிலை மீன் பை கொழுவிப்போட்டுப் போகினமாம்."

ஸ்ரீதரன் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

"கிறிஸ்து அண்ணையும் அதே பில்டிங்தானே. வரேலாமல் போனவனுக்கும் வள்ளத்திலை ஒரு பங்கு இருக்காம். ஆனால் வாங்கிறவன்ரை முகம் கறுக்கக்கூடாதாம். அவரின்ரை அப்பா சொல்லுறதாம்."

"உதெல்லாம் உனக்கு எப்பிடித் தெரியும்?"

"ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதெண்டு என்னட்டையும் சத்தியம் வாங்கினவர்."

"உன்னட்டையோ? உன்னட்டை ஏன்?"

ஜெயமலர் திரும்பிப் போய்க் கத்தியை எடுத்தாள். பாதி சுரண்டிய மீன் காத்திருந்தது.

"போன கோடை முழுக்க நான் மீன்கடைப் பக்கமே போகேல்லையப்பா."