கண்ணாடி அலமாரிக்குள் ஒரு டம்ளர் தண்ணீர்

“மறுபடியும் அலமாரிக்குள்ள டம்ளரா? இது என்ன சமையல்கட்டா?”

சர்வேயர் போட்ட சத்தத்தில் அவர் மனைவி ஈரக்கையோடு ஓடிவந்தாள்.

“குடிக்க எடுத்துட்டு வந்தேங்க. துடைக்கிற மும்முரத்துல உள்ளேயே வச்சு மறந்துட்டேன்.”

“வாரத்துல நாலு நாள் மறப்பியா? இன்னிக்கு மியூசியத்துலேர்ந்து வர்றாங்க. என் மானத்தை வாங்காதே!”

தண்ணீரைத் தொட்டியில் கொட்டிவிட்டுச் சட்டை மாற்றப் போனார்.

அலமாரியில் இருந்தவை முப்பத்திரண்டு நெட்சுகே. அந்தக் காலத்து ஜப்பான்காரர்கள் இடுப்பில் பையைத் தொங்கவிடச் செருகிக்கொண்ட, கட்டைவிரல் அளவுத் தந்தச் சிற்பங்கள். பன்னிரண்டு வருஷம் அலைந்து திரிந்து சேர்த்தவை. பளிச்சென்று தெரிய உள்ளே நாலு பல்பு வேறு போட்டிருந்தார்.

சிற்பம் என்று வந்துவிட்டால் அவர் சொன்னதுதான் சட்டம். மனைவி ஒருமுறை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். “எனக்கே பாடமா?” என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். அதன்பிறகு அவள் வாயே திறக்கவில்லை.

மியூசியம் கண்காட்சிக்கு ஒரே ஒரு வீட்டுச் சேகரிப்பைத்தான் எடுப்பார்களாம். அது தன்னுடையதுதான் என்பதில் சர்வேயருக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை.

பத்து மணிக்கு மியூசியம் அதிகாரி வந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி. ஒவ்வொரு சிற்பமாக எடுத்து, லென்ஸை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சர்வேயர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

“ஆச்சரியமா இருக்கு சார். இந்த வாரம் ஒன்பது வீடு பார்த்துட்டேன். எல்லா இடத்திலும் தந்தம் காய்ஞ்சு வெடிச்சிருக்கு. உங்க வீட்டுல, இத்தனை பல்பு சூட்டுலயும் ஒரு கீறல் இல்லையே! என்ன செய்றீங்க?”

சர்வேயர் விழித்தார். வெடிக்கும் என்பதே அவருக்கு இப்போதுதான் தெரியும்.

“ஓ, டம்ளர்ல தண்ணி வச்சிருக்கீங்களா?”

சர்வேயர் திரும்பிப் பார்த்தார். அலமாரியின் மூலையில் மறுபடியும் டம்ளர், விளிம்பு வரை தண்ணீரோடு! அவருக்குக் கோபம் தலைக்கேறியது.

“அது வந்து மேடம், என் சம்சாரம் சுத்த...”

“இந்த ஈரம்தான் சார் அத்தனையையும் காப்பாத்தியிருக்கு. தண்ணி வைக்கத் தோணினவங்க கையைத்தான் பிடிச்சுக் குலுக்கணும்!”

சர்வேயர் ஒரு விநாடிதான் தடுமாறினார்.

“பின்னே? தினமும் என் கையாலதான் தண்ணி மாத்துவேன். வேற யாரையும் நம்பறதில்லை. என் சம்சாரம்கூட ஏன் எதுக்குன்னு கேட்டுக்கிட்டேதான் இருப்பா.”

டீ கொண்டுவந்த மனைவி தட்டை வைத்துவிட்டுச் சுவரோரம் ஒதுங்கி நின்றாள்.

“ரொம்ப சந்தோஷம் சார். உங்க சேகரிப்பைத்தான் எடுக்கப்போறோம்” என்ற அதிகாரி, படிவத்தை விரித்து மளமளவென்று எழுதினார். கடைசி வரியில் பேனா நின்றது.

“முப்பத்திரண்டுன்னு எழுதினதும்தான் ஞாபகம் வருது சார். மூணு வருஷம் முன்னாடி இந்த வீட்டிலேர்ந்து ஒருத்தங்க எங்க ஆபீசுக்கு போன் பண்ணாங்க. ‘முப்பத்திரண்டு தந்தச் சிற்பம் இருக்கு, வெடிக்காம இருக்க என்ன செய்யணும்?’னு கேட்டாங்க. தண்ணி வைக்கச் சொன்னதே நான்தான். ‘சொன்னா அவர் மனசு கஷ்டப்படும், மறதியா வச்ச மாதிரி வச்சுடறேன்’னாங்க.”

சர்வேயர் தரையைப் பார்த்தார். அதிகாரி அவர் மனைவி பக்கம் திரும்பினார்.

“பராமரிப்பவர்னு ஒரு இடம் இருக்கும்மா. உங்க பேரைச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்.”