சும்மா ஷூட்டிங்

"பைனல் நாளைக்குத்தான் வினி. இன்னிக்கு சும்மா டிவி ஷூட்டிங்கு, அதான் இவ்ளோ கூட்டமா கீது. ஜாலியா ரெண்டு அலை ஏறிக் காட்டிட்டு வா."

சரவணகுமார் வாய் கூசாமல் புளுகினான். கடல் இன்று நன்றாக எழும்புகிறது, அதனால் அலைச்சறுக்கு பைனல் இன்றைக்கே என்று காலையிலேயே அவன் போனுக்குச் செய்தி வந்துவிட்டது.

புளுகாமல் வேறென்ன செய்வான்? சதுரங்கப்பட்டினத்துக் கடலில் சிரித்துக்கொண்டே அலை ஏறுகிற தங்கை, மாமல்லபுரத்துக்குப் போட்டி என்று வந்துவிட்டால் போர்டு மேல் மரக்கட்டையாக விறைத்துப்போகிறாள். அவனும் கரையோரமாகக் கூடவே ஓடி, விசிலடித்து, "குனி! குனி! லெப்ட்ல திரும்பு!" என்று தொண்டை கிழியக் கத்தித்தான் பார்க்கிறான். ஒவ்வொரு தடவையும் தோல்விதான். இன்னொரு முறை தோற்றால் போர்டையே தொடமாட்டேன் என்று போன மாதம் அழுதுவிட்டாள்.

"சரிண்ணா." பயிற்சிக்கெல்லாம் கழற்றாத தோட்டைக் கழற்றி அவன் கையில் திணித்துவிட்டு, வினிதா தண்ணீரில் இறங்கினாள்.

ஹாரன் ஒலித்தது. கத்தினால் புளுகு வெளிப்பட்டுவிடும். ஷூட்டிங்குக்கு எவனாவது விசிலடிப்பானா? மணலில் உட்கார்ந்தான், எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான். விசிலைத் தேடிப் போன கையைத் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டான்.

பெரிய அலை ஒன்று திரண்டு வந்தது. 'விட்டுடாதடி' என்ற வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டான்.

அவள் விடவில்லை. தாவி எழுந்து, வளைந்து, நுரைக்கு முன்னால் வழுக்கிக்கொண்டு கரைவரைக்கும் வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு! போட்டியில் அவள் சிரித்து அவன் பார்த்ததே இல்லை. பாவி மகள், இப்படி ஆடத் தெரிந்தவளா இத்தனை நாள் தோற்றாள் என்று அவனுக்குக் கண் கலங்கியது.

முதல் பரிசு வினிதாவுக்கு என்று மைக்கில் சொன்னதும், பேன்ட் நனைய ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டான்.

"கோச்சிக்காதடி. இதான் பைனல். நீ பயந்துக்கக் கூடாதுன்னு பொய் சொல்லிட்டேன்."

"தெரியும். எனக்கும்தான் மெசேஜ் வந்துச்சு."

சரவணகுமார் விழித்தான். "அப்புறம் இன்னாத்துக்குடி நம்புன மாதிரி தலையாட்டுன?"

வினிதா தோட்டுக்காகக் கையை நீட்டினாள்.

"அப்பதாண்ணா நீ கத்தாம ஒரு எடத்துல குந்திகினு இருப்ப!"