லோடு தாங்கும் லேடீஸ் சைக்கிள்

"லோடு குலுங்கக் கூடாது. அதுதான் முக்கியம்" என்று சொல்லிவிட்டு, ஐந்தாவது சைக்கிளின் கேரியரையும் கையால் அழுத்திப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார் வில்பிரட்.

அந்தக் கையை அந்தக் கேரியரிலேயே வைத்துக் கட்டிவிட்டால் என்ன என்று இருந்தது கடைக்காரர் தனக்கோடிக்கு. ஆனால் செய்ய முடியாது. செம்பாக்கத்து ஏரிப் பாசன நிலத்தை விற்று, தாம்பரம் ஜி.எஸ்.டி. ரோட்டில் சைக்கிள் கடை திறந்த முதல் நாள் அது. வில்பிரட் முதல் கிராக்கி. போணி ஆகாமல் முதல் ஆளை அனுப்பினால் கடைக்கே ஆகாது என்று தனக்கோடி நம்பினார். இந்த நம்பிக்கை வில்பிரட்டுக்கும் தெரிந்திருந்ததுதான் கஷ்டம்.

வில்பிரட் கோட்டையில் ஏதோ ஒரு செக்‌ஷனில் சூப்பிரண்டு. லீவு நாட்களில் வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு கிராமம் கிராமமாகப் பிரசங்கம் செய்யப் போகிறவர். இரண்டுக்கும் ஒரே சைக்கிள் போதும் என்பது அவருடைய சித்தாந்தம். தினமும் மின்சார ரயிலைப் பிடிக்க ஸ்டேஷன் வரை போக லேசாக இருக்க வேண்டும். மதுராந்தகம், உத்திரமேரூர் என்று டூர் கிளம்பினால் கெட்டியாக இருக்க வேண்டும். நடுவில் பார் மட்டும் இருக்கவே கூடாது.

பார் கூடாது என்றதும் தனக்கோடிக்கு விளங்கிவிட்டது. அங்கி போட்ட பாதிரிமார் லேடீஸ் சைக்கிளில் போவதை அவர் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். அங்கி மாட்டிக்கொள்ளும் என்றுதானே சார் என்று கேட்டும் பார்த்தார். வில்பிரட் தொண்டையைக் கனைத்ததோடு சரி.

பால்காரர்கள் வாங்கும் கனத்த வண்டியைக் காட்டினால் பார் உறுத்தியது. லேடீஸ் வண்டியைக் காட்டினால் கேரியர் வெறும் தகடு என்றார். ஸ்பிரிங் வைத்த தோல் சீட்டைத் தட்டித் தட்டித் தனக்கோடி பெருமை பேசியபோது, "சீட்டு கிடக்கட்டும். கேரியருக்கு வாரும்" என்று ஒற்றை விரலால் அதை ஒதுக்கினார்.

வாசலில் வேப்பமர நிழலில் அவருடைய மனைவி ஜெயசீலி நின்றுகொண்டிருந்தாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். தோளில் கைப்பை, முகத்தில் கடுகடுப்பு. உள்ளே வந்து உட்காரச் சொன்னதற்கும் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டாள். இந்த மனுஷன் டூர் கிளம்பினால் அந்த அம்மாளாவது நாலு நாள் நிம்மதியாக இருப்பாள் என்று தனக்கோடி நினைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துக் குரோம்பேட்டைத் தோல் கம்பெனி ஆட்கள் இருவர் வந்தார்கள். ஒரு கறுப்பு வண்டியை ஆசையாகத் தடவினார்கள். யாரும் கேட்காமலே வில்பிரட் அவர்கள் பக்கம் திரும்பி, ரிம் எப்படித் துருப்பிடிக்கும், ஸ்போக்ஸ் எப்படித் தெறிக்கும் என்று விஸ்தாரமாகப் பிரசங்கம் செய்தார். அவர்கள் மரியாதையாகக் கேட்டுவிட்டு எதிர்க் கடைக்குப் போனார்கள். சற்று நேரத்தில் அதே மாதிரிக் கறுப்பு வண்டியில் டபுள்ஸ் ஏறி, மணியடித்துக்கொண்டு போனார்கள்.

தனக்கோடிக்குக் காது மடல் கொதித்தது. காலையிலிருந்து கட்டிக் காத்த மரியாதை கழன்று விழுந்தது.

"நீ அப்படி இன்னா லோடு சார் ஏத்தப்போறே? மொதல்ல அத்தச் சொல்லு."

வில்பிரட் அசரவில்லை. "ஆபீஸ் நாள்ல ஒரே லோடுதான். டூர்னா அதோட பெட்டி, படுக்கை சேரும்."

"அந்த ஒரு லோடு இன்னாங்கிறேன். ஆர்மோனியமா, கண்ணாடிச் சாமானா?"

"விலைமதிப்பில்லாத லோடு" என்றார் வில்பிரட், விட்டத்தைப் பார்த்தபடி. "சேறு தெறிக்கப்படாது. பள்ளத்துல தூக்கிப் போடப்படாது. பழைய வண்டியில ரெண்டு தரம் கீழே விழுந்தது போதும்."

தனக்கோடி ஸ்பானரைக் கையில் எடுத்தார். பால்கார வண்டியின் கேரியரைக் கழற்றி லேடீஸ் வண்டியில் பொருத்தினார். பின்சக்கர அச்சிலிருந்து கூடுதலாக இரண்டு கம்பி முட்டுக்கொடுத்தார். ஒவ்வொரு நட்டையும் வில்பிரட்டின் கழுத்தாக நினைத்து முறுக்கினார். கேரியர் மேல் சாக்கை மடித்து மெத்தை மாதிரி வைக்கச் சொன்னார் வில்பிரட். பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் வைத்தார்.

ஒருவழியாகப் போணி ஆயிற்று. பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகும் ஆத்திரம் அடங்கவில்லை. இவ்வளவு பாடுபடுத்திய அந்த லோடைக் கண்ணால் பார்க்காமல் இந்த ஆளை விடுவதில்லை என்று தீர்மானித்து, சைக்கிளை அவரே வாசலுக்கு இறக்கினார்.

ஜெயசீலி வந்து ஹாண்டில்பாரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். புருஷன் லோடு ஏற்றுவதற்குத் தோதாக வண்டியைப் பிடிக்கிறாள் பாவம், இவளுக்கு இது தினசரி வேலையாக இருக்கும் என்று எண்ணினார் தனக்கோடி. கடைக்குள் போய்ப் பழைய ட்யூபைக் கிழித்துச் செய்த ரப்பர் கயிற்றை எடுத்துவந்து, இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார்.

"லோடு எங்க கீதும்மா? இப்டி எட்து குடு. இந்த ஜென்மத்துல கீய வியாதபடி நானே இஸ்துக் கட்டி உட்றேன்."

ஜெயசீலி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, பெடலில் ஒரு காலை வைத்தாள்.

"கட்ட வேணாங்க. இவரு தானாவே ஏறிக்குவாரு."