சனிக்கிழமைக் கள்ளன்

“உங்கள் நண்பர் நேற்றும் வந்திருந்தாரே, சொல்லவில்லையா?”

வயல்காரர் மார்க்கஸ் சாதாரணமாகத்தான் கேட்டார். சூசைரட்ணத்துக்குத்தான் சுருக்கென்றது.

“எந்த நண்பர்?”

“குகநேசன்தான். சனிக்கிழமைகளில் தனியாக வருவார். எதையோ கிண்டிவிட்டு உடனே போய்விடுவார்.”

சூசைரட்ணமும் குகநேசனும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒஸ்லோவிலிருந்து சேர்ந்துதான் இந்த வயலுக்கு வருவார்கள். ஆளுக்கொரு உலோகம் தேடும் மெஷின். மார்க்கஸ் அனுமதி கொடுத்திருந்தார். வேலை போய், வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்த சூசைரட்ணத்தை வற்புறுத்தி இதில் இழுத்துவிட்டதே குகநேசன்தான்.

இருவருக்குள்ளும் ஒரு பேச்சு இருந்தது. எது கிடைத்தாலும் ஒளிக்கக் கூடாது. மற்றவருக்குக் காட்ட வேண்டும்.

சூசைரட்ணத்துக்கு அவ்வப்போது பழைய வெள்ளிக்காசு அகப்படும். குகநேசனுக்கோ எப்போதும் துருப்பிடித்த ஆணியும் போத்தல் மூடியும்தான்.

‘இப்பவெல்லோ விளங்குது! நல்லதெல்லாத்தையும் சனிக்கிழமையே கிண்டிக்கொண்டு போயிடுறான். எனக்கு முன்னாலை ஆணியைக் காட்டி நடிக்கிறான்.’

காரில் திரும்பும்போது மெல்லக் கேட்டுப் பார்த்தார்.

“நேற்று எங்கையடா போனனீ?”

“நேற்றோ? எங்கையும் போகேல்லை. வீட்டிலைதான் படுத்துக் கிடந்தனான். ஏன்?”

“சும்மா கேட்டனான்.”

பச்சைப் பொய்! சூசைரட்ணம் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

அடுத்த ஞாயிறு அவருடைய மெஷின் கீச்சிட்டது. கிண்டினார். மண்ணோடு ஒரு வெள்ளிக்காசு வந்தது. விரலால் துடைத்தார், ராசாவின் தலை பளிச்சென்று தெரிந்தது.

வேறு நாளென்றால் “டேய், ஓடி வாடா!” என்று வயலே அதிரக் கத்தியிருப்பார். அன்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் காசைக் காலில் போட்டிருந்த சப்பாத்துக்குள் நழுவ விட்டார்.

‘அவன் ஒளிக்கலாம், நான் ஒளிக்கக் கூடாதோ?’

“ஏதும் அம்பிட்டதோ?” வயலின் மறுகரையிலிருந்து குகநேசன் கேட்டார்.

“ஒண்டுமில்லை.”

“வடிவாத் தேடினனியோ?”

“தேடினனான். இல்லையெண்டா விடன்!”

குகநேசனின் முகம் வாடிப்போனது.

‘என்ன நடிப்பு!’ என்று பல்லைக் கடித்துக்கொண்டார் சூசைரட்ணம்.

இனிமேல் பொறுப்பதில்லை. கையும் களவுமாகப் பிடித்து, மார்க்கஸுக்கு முன்னாலேயே நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

சனிக்கிழமை வந்தது. ட்ராக்டர் நிற்கும் கொட்டிலுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டார். நெடுநேரம் காத்திருக்கத் தேவைப்படவில்லை. குகநேசன் வந்தார். கையில் ஒரு சின்ன மண்வெட்டி மட்டும்.

வீதிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். குந்தியிருந்து மண்ணைக் கிண்டினார். பிறகு அவருடைய கை ஜக்கெற் பொக்கற்றுக்குள் போனது.

‘போட்டிட்டான்!’

சூசைரட்ணம் பாய்ந்து ஓடிப்போய் அந்தக் கையை எட்டிப் பிடித்தார்.

“கள்ளா! விரியடா கையை!”

குகநேசன் திடுக்கிட்டுப் போனார். கை தானாக விரிந்தது.

வெள்ளிக்காசுதான். ஆனால் ஒரு பொட்டு மண் ஒட்டியிருக்கவில்லை. பழைய காசு விற்கிற கடையில் போட்டுக் கொடுக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தது.

“இதென்னடா? கடையிலை வாங்கினதெல்லோ!”

“ஓம்.”

“கடையிலை வாங்கினதைக் கொண்டுவந்து இஞ்சை என்ன செய்யிறாய்?”

உண்மையிலேயே களவில் பிடிபட்டவர் போலத் தலையைக் குனிந்துகொண்டார் குகநேசன்.

“வேலை போனதிலையிருந்து நீ ஒருத்தரோடையும் கதைக்கிறேல்லை, சிரிக்கிறேல்லை. இஞ்சை ஒரு காசு அம்பிடேக்கை மட்டும்தான் பழைய சூசையைக் கண்டனான். அதுதான்…”

சூசைரட்ணத்தின் பிடி தளர்ந்தது.

குகநேசன் உறையைப் பிரித்தபடி சமாதானமாகச் சொன்னார்:

“போன கிழமை ஒண்டுமில்லையெண்டு சொன்னாயெல்லே, நான்தான் ஆழமாப் புதைச்சிட்டன் போலை. கோவிக்காதை, இந்தமுறை மேலாலை வைக்கிறன்.”